வேட்டைக்காரர் தேர்ந்தெடுக்காத தோட்டா

பித்தளைத் தோட்டாவின் அடிப்பக்கத்தில் வட்டமாகச் சில எழுத்துகள் பொறித்திருக்கும். இந்தியாவில் பொதுமக்கள் லைசென்ஸ் பெற்று வைத்திருக்கும் ரைஃபிள்களில் அதிகம் புழங்கும் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால் ‘8 எம்.எம். கே.எஃப்.’ என்றிருக்கும். புனேயை ஒட்டிய கட்கி தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரை அது. 8 மில்லிமீட்டரை அங்குலத்தில் சொன்னால் .315. துப்பாக்கிக் கடையிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ‘த்ரீ ஒன் ஃபைவ்’ என்றால்தான் புரியும்.

அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒருவர் தன் கைக்கும் தோளுக்கும் ஏற்ப வேட்டை ரைஃபிள் ஒன்றைச் செய்துகொள்ளப் போனால், முதலில் முடிவு செய்வது தோட்டாவைத்தான். சுடப்போவது மானா, பன்றியா, கரடியா? நூறு மீட்டரில் சுடுவோமா, நானூறு மீட்டரிலா? எவ்வளவு உதையைத் தோள் தாங்கும்? பத்து வருஷம் கழித்தும் கடையில் அந்தத் தோட்டா கிடைக்குமா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகே போல்ட்டின் முகம் எவ்வளவு அகலம், தோட்டா ஏறி இறங்கும் ஆக்‌ஷன் எவ்வளவு நீளம், குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதெல்லாம் வரும். நீளமான, கனமான குண்டுக்கு நெருக்கமான சுற்று வேண்டும். குட்டைக் குண்டுக்கு நிதானமான சுற்றே போதும். தோட்டா முதலில், துப்பாக்கி அதன் பிறகு என்பது அந்தத் தொழிலின் பாலபாடம்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி வேட்டைக்காரரிடம் வந்து சேரவே இல்லை. அவருக்கு முன்பே சட்டம் பதில் சொல்லிவிட்டது. .315 தோட்டாவின் கதையை நான் எழுத விரும்புவது அதனால்தான். எந்தக் காட்டு விலங்கையும் மனதில் வைத்து உருவான தோட்டா அல்ல இது. ஆள்பவர்களின் அச்சம் இதைத் தேர்ந்தெடுத்தது.

பிறந்த இடம் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு. ரயில்வே பொறியாளராக இருந்து துப்பாக்கி வடிவமைப்புக்கு வந்தவர் ஃபெர்டினாண்ட் மன்லிக்கர். அவருடைய ரைஃபிளுக்காக அந்தப் பேரரசின் படை 1888-ல் 11 மில்லிமீட்டர் தோட்டாவைக் கைவிட்டு 8 மில்லிமீட்டருக்கு மாறியது. முதலில் கரிமருந்து அடைத்தார்கள். 1890 வாக்கில் புகை குறைந்த புது மருந்து வந்தது. அடியில் விளிம்பு வைத்த, 50 மில்லிமீட்டர் நீளக் கூடு. 244 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள மொண்ணைத் தலைக் குண்டு. விநாடிக்கு 620 மீட்டர் வேகம். மன்லிக்கரின் 1895 மாடல் ரைஃபிளோடு இதே தோட்டா முதல் உலகப் போரில் ஆல்ப்ஸ் மலைமுகடுகள் வரை போனது. மனிதரைக் கொல்லவென்றே செய்யப்பட்ட தோட்டா என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதே 1888-ல் பிரிட்டிஷ் ராணுவமும் ஒரு விளிம்புத் தோட்டாவை ஏற்றது. அதுவும் கரிமருந்தில் தொடங்கிப் பிறகு கார்டைட் என்ற புகை குறைந்த மருந்துக்கு மாறியது. அதுதான் .303. இரண்டுக்கும் உடல்வாகு கிட்டத்தட்ட ஒன்று: அடியில் விளிம்பு, ஏறக்குறைய ஒரே மொத்த நீளம். ஆனால் ஒன்றுக்கான அறையில் மற்றது சேராது. .303-ன் கூடு 56 மில்லிமீட்டர். நீளம் அதிகம், இடுப்பு சிறுத்தது. மன்லிக்கரின் தோட்டா குட்டை, இடுப்பு பருத்தது. இந்தச் சின்ன வித்தியாசம்தான் பின்னால் ஒரு நாட்டின் கோடிக்கணக்கான மக்கள் எந்தத் தோட்டாவை வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தீர்மானித்தது.

1857-ஐ ஆங்கிலேயர் மறக்கவே இல்லை. கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவில் தொடங்கிய புரட்சி அது. 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாட்டுமொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டத்தை அவர் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்; ஐரோப்பியருக்கு விலக்கு. அதற்கு மேலும் ஒரு பூட்டு போட்டார்கள். கன்டோன்மென்ட் கிடங்கிலிருந்து தோட்டா திருடு போகாமல் முழுதாகத் தடுக்க முடியாது. திருடிய தோட்டா வெளியில் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தாமல் செய்துவிட்டால்? .303 ரைஃபிளைத் தனியார் கைக்குப் போகவிடாமல் வைத்ததன் உள்நோக்கம் அதுவே. பழைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் .450 அளவும் 1900களின் தொடக்கத்தில் இப்படியே தடையில் விழுந்தது. யானைக்கும் காட்டெருமைக்கும் .450 இரட்டைக் குழல் விற்றுவந்த லண்டன் கம்பெனிகள் ஆடிப்போய், .465, .470, .475 என்று அளவைச் சற்றே நகர்த்திப் புதுத் தோட்டாக்களை இறக்கின. யானைத் தோட்டாக்களிலேயே பெரும்புகழ் பெற்ற .470 அப்படிப் பிறந்ததுதான்.

.303 ரைஃபிளுக்கு இன்னும் சுலபமான வழி இருந்தது. லீ-என்ஃபீல்டின் ஆக்‌ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, குழலையும் அறையையும் மட்டும் ஆஸ்திரியத் தோட்டாவுக்கு மாற்றினால் போதும். இந்தியச் சந்தைக்கென்றே பிரிட்டனில் அப்படிச் செய்து அனுப்பினார்கள். கப்பலேறி வந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் ரைஃபிள் உடல். அதற்குள் போனது ஆஸ்திரிய ராணுவத்தின் தோட்டா. வியன்னாவின் சிப்பாய்க்காகக் கணக்குப் போட்ட 244 கிரெய்ன் குண்டு, புள்ளிமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் என்று விற்கப்பட்டது. அந்த வேலையை அது ஒழுங்காகவும் செய்தது. அடர்ந்த காட்டில் நூறு மீட்டருக்குள், கனமான குண்டு மெதுவாகப் போவது குறையில்லை. திறந்த வெளியில் தூரத்துக் குறிக்குத்தான் அது தடுமாறும், சீக்கிரம் தாழ்ந்துவிடும்.

குண்டின் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதக் கிடங்கில் 1890களில், .303 குண்டின் நுனியில் உலோக உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார்கள். உடலில் பட்டதும் நுனி மலர்ந்து பெருங்காயம் செய்யும். 1899-ல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்றது. போரில் கொடுமை என்று விலக்கப்பட்ட அந்த மென்மூக்குக் குண்டுதான் வேட்டையில் முறையானது. உறை மூடிய ராணுவக் குண்டு விலங்கைத் துளைத்து வெளியேறிவிடும். அடிபட்ட விலங்கு நாள்கணக்கில் புதரில் கிடந்து சாகும். மலரும் குண்டு சீக்கிரம் வீழ்த்தும். ஒரே பொருள் ஓரிடத்தில் கொடுமையாகவும் இன்னோரிடத்தில் கருணையாகவும் எண்ணப்பட்டதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். இரண்டு தீர்ப்புமே சரி என்றுதான் படுகிறது.

தோட்டாவைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதி சிலருக்கு இருந்தது. ஜிம் கார்பெட் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்குப் பரிசாகப் பெற்றது .275 ரிக்பி, ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவேதான் அது, லண்டன் கடை தன் பெயரை ஒட்டியிருந்தது. நம் பக்கத்துக் காடுகளை எழுதிய கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, பென்னாகரம், ஏலகிரி என்று சுற்றியபோது கையில் வைத்திருந்தது அமெரிக்க .405 வின்செஸ்டர். பழைய சேலம் மாவட்டக் காடுகளில் அவர் சொன்ன கதைகளில் அந்த ரைஃபிளும் ஒரு பாத்திரம் போலவே வரும். இவர்களுக்கு ‘எதை எடுப்பது’ என்பது ருசியும் அனுபவமும் சார்ந்த விஷயம். லைசென்ஸுக்குக் கச்சேரி வாசலில் நின்ற இந்தியருக்கு அது அனுமதி சார்ந்த விஷயம்.

தோட்டாவே இல்லாமல் வேட்டையாடியவர்களும் இருந்தார்கள். நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியில் கூடு கிடையாது, அளவு முத்திரை கிடையாது. குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடிப்பார்கள். குருவிக்கு எவ்வளவு மருந்து, நரிக்கு எவ்வளவு என்பது கைக்குத் தெரியும். தனக்கு வேண்டிய தோட்டாவை ஒவ்வொரு முறையும் தானே கட்டிக்கொண்ட வேட்டைக்காரர் என்று இந்த மண்ணில் யாரையாவது சொல்வதானால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். வேட்டை நின்றபோது, ஈடாக எதுவும் கைக்கு வராமல் பாசிமணி விற்கப் போனவர்களும் அவர்கள்தான். சென்னையை அடுத்த ஆவடி பருத்திப்பட்டில் இருக்கும் நரிக்குறவர் குடியிருப்புக்கு 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வந்து, ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனது பலருக்கு நினைவிருக்கும். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா அந்த ஆண்டு டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேட்டைக்காரர் என்றதும் தொப்பியும் பூட்ஸும் போட்ட துரை நம் கண்முன் வருவதும், இவர்கள் வராமல் போவதும் எனக்கு உறுத்துகிறது.

ஆங்கிலேயரின் அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் பிஸ்டலால். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவின் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் கடத்திப் போனார்கள். பிஸ்டலைவிடத் தோட்டா எண்ணிக்கைதான் அரசைக் கலங்கடித்திருக்கும். தோட்டா தீர்ந்துபோன துப்பாக்கி வெறும் இரும்பு. ஆகவே தோட்டாவைக் கட்டுப்படுத்துகிறவரே ஆயுதத்தைக் கட்டுப்படுத்துகிறார்.

சுதந்திர இந்தியா இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை, இன்னும் இறுக்கியது. இந்தக் கதைக்குள் ஆவடி வருவது இங்கேதான். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1956-ல் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம், அரசு மட்டுமே நடத்த வேண்டிய 17 தொழில்களை வரிசைப்படுத்தியது. பட்டியலின் முதல் வரியே ஆயுதங்களும் தோட்டா வகைகளும். பொதுமக்களுக்கான ரைஃபிள் என்றால் வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, தோட்டா என்றால் கட்கி என்று நிலைத்தது இந்தக் கொள்கையின் நிழலில்தான். இஷாப்பூர் ஏற்கெனவே ராணுவத்துக்கு லீ-என்ஃபீல்டு செய்து பழகிய இடம். அதே இயந்திரங்கள், அதே போல்ட் வடிவம், அதில் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். தோட்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் துப்பாக்கி செய்யும் தொழில் தர்மம் இங்கே தலைகீழானது. கையில் இருந்த இயந்திரமும் சட்டம் விட்டுவைத்த அளவும் சந்தித்த இடத்தில் இந்த ரைஃபிள் நின்றது.

தோட்டாவை வைத்து ஆயுதம் கட்டும் முறை ஆவடியிலேயே இருக்கிறது, வேறு பெரிய அளவில். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் வெளிவந்த விஜயந்தா டாங்கியில் 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே வரிப்பள்ளம் வெட்டியது. கவசத்தின் மேல் அப்பிப் பரந்து, பிறகு வெடிக்கும் குண்டு ஒன்று பிரிட்டிஷ் வழியில் நம் படைக்குப் பழக்கமானது. அது சுழன்று போனால்தான் சரியாக அப்பும். அந்தக் குண்டை விட மனமில்லாததால் அர்ஜுன் டாங்கிக்கும் 120 மில்லிமீட்டர் வரிப்பள்ளப் பீரங்கியே அமைந்தது. அதே ஆவடியில் உருவான டி-72, டி-90 டாங்கிகளுக்கு ரஷ்ய வழியில் 125 மில்லிமீட்டர் வழவழப்புக் குழல். அம்பு போன்ற துளைப்பானுக்குச் சுழற்சி வேண்டாம், இறக்கையே போதும். எதைச் சுட வேண்டும் என்ற கேள்வி முதலில், குழல் பிறகு. ஒரே வளாகத்தில் இரண்டு விடைகள். டாங்கிக்குக் கிடைத்த அந்த உரிமை வேட்டை ரைஃபிளுக்குக் கிடைக்கவில்லை.

1959 ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2016 விதிகள் பழைய விதிகளை மாற்றின. ஆனால் தடை வாசகத்தில் .303 அப்படியே உட்கார்ந்திருக்கிறது: .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய எந்த ரைஃபிளும் பொதுமக்களுக்குக் கிடையாது. இந்த வாசகத்தைக் கவனித்துப் படித்தால் ஒரு நுட்பம் தெரியும். இஷாப்பூர் பொதுமக்களுக்காக .30-06 ரைஃபிளும் செய்தது. அதன் குண்டு ராணுவத்தின் 7.62 குண்டுக்குச் சமமான தடிமன், வேகத்திலோ தூரத்திலோ .315-ஐ எங்கோ விட்டுவிடும். ஆனால் கூடு 63 மில்லிமீட்டர், ராணுவத்தினுடையது 51. ஒன்றின் அறைக்கு மற்றது பொருந்தாது. ஆகவே அனுமதி. எது அதிக வலுவுள்ளது என்பதைச் சட்டம் பார்க்கவில்லை. அரசுக் கிடங்கிலிருந்து திருடியது இதில் ஓடுமா என்பதையே பார்த்தது.

அம்பத்தூர், பூந்தமல்லி, ஆவடி ஆகிய ஊர்கள் 2022 ஜனவரி முதல் ஆவடி போலீஸ் ஆணையரகத்தின் கீழ். இங்கே ஒருவர் ரைஃபிள் லைசென்ஸ் கேட்டால் ஆணையர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும், விசாரணை நடக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான்; லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு. எந்தக் குழல் அளவு, எத்தனை தோட்டா என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். குழலை மாற்றி வேறு தோட்டாவுக்கு ஆக்கிக்கொள்வது வீட்டு வேலையல்ல; உற்பத்தி செய்யவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும், மீறினால் சிறை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தனக்கென்று ரைஃபிள் கட்டிக்கொள்வது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. நான் அதற்காக வருந்தவில்லை.

சுடுவதற்கும் எதுவும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெருமளவு அடைத்தது. 1991 திருத்தம் மீதியையும் அடைத்தது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவர் தன் துப்பாக்கியை வனத்துறையிடமும் பதிய வேண்டும். வேட்டை போன பிறகும் .315 போகவில்லை. செக்யூரிட்டி கார்டின் தோளில் ஏறியது, வட இந்தியக் கிராமங்களில் குடும்ப கௌரவமாகச் சுவரில் தொங்கியது. இருட்டான பக்கமும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் கள்ளப்பட்டறைகளில் செய்யும் ‘கட்டா’ என்ற நாட்டுக் கைத்துப்பாக்கிக்கு .315 தோட்டாவே தோதாகிவிட்டது, நாடெங்கும் கிடைப்பதால். வட மாநிலக் கொலை வழக்குத் தீர்ப்புகளில் ‘8 எம்.எம். கே.எஃப்.’ என்று அடியில் பொறித்த காலிக் கூடு சான்றுப் பொருளாக வந்துகொண்டே இருக்கிறது. ராணுவத் தோட்டா தவறான கைக்குப் போய்விடக் கூடாது என்று தேர்ந்தெடுத்த மாற்றுத் தோட்டாவே தவறான கைகளின் தோட்டாவாகிவிட்டது. ஆங்கிலேயர் அஞ்சியது கிளர்ச்சிக்காரரை. தோட்டாவுக்குப் பலியாவது பக்கத்து வீட்டுக்காரர்.

தமிழ்நாட்டில் விலங்கைச் சுடும் முடிவு இப்போது வனத்துறையினுடையது. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் ஆட்கொல்லிப் புலியைச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். 2021-ல் மசினகுடியில் டி-23 புலியை மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்தார்கள். 2025 ஜனவரியில், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அரசு முடிவெடுத்தது. எந்த விலங்கு, எவ்வளவு தூரம், குண்டு துளைத்துப் போய் யார் வயலில் விழும் என்று கேட்டுத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் உண்மையாகவே இப்போதுதான் வந்திருக்கிறது. பக்கத்தில் களத்துமேடும் குடிசையும் இருக்கும் இடத்தில், அந்தக் கேள்வியைச் சட்டப் புத்தகத்தை வைத்து முடிக்காமல் பன்றியையும் நிலத்தையும் பார்த்து முடிக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

2021 அக்டோபர் 1 அன்று ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாயிற்று. இஷாப்பூர் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போனது, கட்கி புனே கம்பெனிக்கு. டாங்கிக் கம்பெனியின் தலைமையகம் ஆவடியிலேயே அமைந்தது. ரைஃபிளும் அதன் தோட்டாவும் வெவ்வேறு நிறுவனங்களின் சரக்காகிவிட்டன. இதற்கிடையில் .303-ன் காலம் முடிந்துவிட்டது. ராணுவம் எப்போதோ 7.62-க்கும் பிறகு 5.56-க்கும் நகர்ந்துவிட்டது, உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடைகொடுத்தது. எந்தத் தோட்டாவைக் காக்க .315 உள்ளே வந்ததோ அந்தத் தோட்டா அரசின் கையிலிருந்தே நழுவிக்கொண்டிருக்கிறது. விதிகளில் மட்டும் அதன் பெயர் தடைப்பட்டியலில் நீடிக்கிறது. ஆவடியில் இன்று புதிதாக ரைஃபிள் லைசென்ஸ் வாங்குபவருக்கும் அதனால் .303 கிடையாது, .315 உண்டு.